மான்ட்ரீட் வாலிபர் மாநாட்டுக்குப் பிள்ளைகளோடு முதன்முறை செல்பவர்களுக்கு

அமெரிக்காவுக்குக் குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல, ஊரில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவை. இங்கே தமிழ் ஆராதனை கிடைக்காத நகரங்களில் அவை வீட்டுக்கு அருகிலிருக்கும் பிரெஸ்பிட்டேரியன் சபையில் சேர்ந்துகொள்வது உண்டு. அதில் வியப்பில்லை, 1947 செப்டம்பர் 27-இல் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் வந்து கலந்த மரபுகளில் பிரெஸ்பிட்டேரியன் மரபும் ஒன்று. சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் கழியும்போது, வாலிபர் ஊழியத்தைக் கவனிப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் காப்பிக் கோப்பையோடு அருகில் வந்து, வரும் கோடையில் பிள்ளைகளோடு மான்ட்ரீட்டுக்கு வர முடியுமா என்று கேட்பார். மறுக்க மனமில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே போகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரில் அமெரிக்காவில் பல திருச்சபைகள் இருக்கின்றன, அவை ஒன்றல்ல. இங்கே நான் பேசுவது 1983-இல் வடக்கு, தெற்குச் சபைகள் மீண்டும் இணைந்து உருவான பிரெஸ்பிட்டேரியன் சர்ச் யு.எஸ்.ஏ. என்ற திருச்சபையோடு தொடர்புடைய கூட்டங்களைப் பற்றி. இத்திருச்சபையில் பெண் போதகர்கள் உண்டு; இணைவதற்கு முந்தைய வடக்குச் சபையில் 1950-களிலிருந்தே இருந்தார்கள். திருமணத்தை இருவருக்கிடையிலான உடன்படிக்கை என்று 2015-இல் இத்திருச்சபை தன் சட்டநூலில் திருத்திக்கொண்டது. 1973-இல் தனியே பிரிந்த பிரெஸ்பிட்டேரியன் சர்ச் இன் அமெரிக்கா இவ்விரண்டிலும் வேறு நிலைப்பாடு கொண்டது. உங்கள் சபை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்பது அதன் பெயர்ப்பலகையிலேயே இருக்கும், ஆனாலும் நம்மவர்களில் பலர் அதை வாசிப்பதில்லை.

மான்ட்ரீட் என்பது வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகரத்துக்குக் கிழக்கே, பிளாக் மவுண்டன் என்ற சிற்றூரை ஒட்டிய மலைப்பள்ளத்தாக்கில் 1897-இல் தொடங்கப்பட்ட ஒரு தங்குமிடம். மலையையும் தனித்திருத்தலையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அப்பெயரை வைத்தார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் கல்லால் கட்டிய வாயில் நிற்கும். உள்ளே லேக் சூசன் என்ற சிறிய ஏரியும், அதன் அருகே பொதுக்கூட்டம் நடக்கும் ஆண்டர்சன் அரங்கமும் இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான மாநாடு ஒரே நிகழ்ச்சி நிரலோடு பல வாரங்களுக்குத் திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு சபைகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்.

இதைவிடப் பெரிய கூட்டம் ஒன்றும் உண்டு. யூத் ட்ரையெனியம் என்ற அது 1980-இல் தொடங்கி, 2022 நீங்கலாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்திருக்கிறது; நெடுங்காலம் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு நடந்து, 2025 ஜூலையில் கென்டக்கியின் லூயிவில் நகரத்துக்கு இடம் மாறியது. அதற்குப் பிள்ளைகளைத் திரட்டி அனுப்புவது தனிச் சபையன்று, சபைகளின் வட்டாரக் குழுவாகிய பிரெஸ்பிட்டரி. எனவே அங்கே உங்களிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைகளில் பாதிப் பேரைப் புறப்படும் நாளில்தான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். முதன்முறை செல்பவருக்கு மான்ட்ரீட்தான் ஏற்றது என்பது என் கருத்து. அங்கே உங்கள் சபைப் பிள்ளைகள் மட்டும் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பார்கள், அவர்களுடைய பெற்றோரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் வேலை எது, எது அல்ல

நம் ஊர் விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ வாலிபர் முகாமிலோ உதவியவர்கள் ஒரு பழக்கத்தோடு வருவார்கள்: பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, வசனம் மனப்பாடம் செய்விப்பது, செய்தி கொடுப்பது, மைக் பிடிப்பது. மான்ட்ரீட்டில் இவை எதுவும் உங்கள் வேலை அல்ல. மேடை, பாட்டு, பிரசங்கம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பல சபையினரோடு கலந்து அமரும் சிறு குழுவை நடத்துபவர்களும் அதற்கென்றே முன்கூட்டித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அந்த அறைக்குள் நீங்கள் எட்டிப்பார்க்கவும் கூடாது.

உங்களுக்கு எஞ்சுவது மூன்று காரியங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எந்த நேரமும் உங்களுக்குத் தெரிந்திருப்பது, அவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் மருந்தும் கிடைக்கச் செய்வது, இரவில் எல்லாம் முடிந்தபின் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து கேட்பது. முதல் இரண்டும் கடினமான உழைப்பு என்றாலும் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. மூன்றாவதுதான் நம்மில் பலருக்கு வராதது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தாள்வேலை

பதிவு முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும். பலரும் விரும்பும் வாரங்களும் நல்ல வீடுகளும் சீக்கிரம் நிரம்பிவிடும். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் வேண்டும், பெரியவர் என்று கணக்கிடக் குறைந்தபட்ச வயது என்ன என்பவை பதிவுப் படிவத்தில் எழுதப்பட்டிருக்கும்; அதற்குக் குறையாமல் ஒருவரைக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால் ஒரு பெரியவர் அன்று முழுவதும் கணக்கிலிருந்து போய்விடுவார். பள்ளிப்படிப்பை முடித்துப் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை பெரியவர் கணக்கில் வராது.

இத்திருச்சபையின் சட்டப்படி ஒவ்வொரு சபையும் பிள்ளைகளைப் பாதுகாப்பதற்கான எழுத்துமூலக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதன்படி உங்கள் குற்றப்பின்னணியைச் சரிபார்ப்பார்கள். ஒரு பயிற்சியும் தருவார்கள். "என்னைச் சந்தேகப்படுகிறார்களா?" என்று நம்மவர்கள் மனம் நோவதைப் பார்த்திருக்கிறேன். போதகருக்கும் அதே சரிபார்ப்புதான். அந்தக் கொள்கையில் நீங்கள் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டியது இரண்டு பெரியவர் விதி: மூடிய கதவுக்குப் பின்னே ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது, உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வர முன்வந்தால் பல சபைகள் இந்த விதிக்கு அவர்களை ஒருவராகவே எண்ணும். ஒரு பிள்ளை தனியாகப் பேச விரும்பினால் மற்றவர்கள் பார்க்கும்படியான திண்ணையிலோ புல்வெளியிலோ உட்கார்ந்து பேசுங்கள். கேட்காத தூரமும் பார்க்கும் தூரமும் ஒன்றாக அமையும் இடங்கள் மான்ட்ரீட்டில் நிறையவே உண்டு.

மருத்துவ ஒப்புதல் படிவம், காப்பீட்டு அட்டையின் இருபுற நகல், ஒவ்வாமைப் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறையில் போட்டு, எல்லா உறைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். கோப்பு வண்டியிலும் வீட்டிலும் உங்களோடு இருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் படமாக வைத்திருப்பது போதாது, மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இருக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்தவர் தம் படிவத்தில் தாமே கையெழுத்திட வேண்டும். விமானத்தில் செல்வதாக இருந்தால், பெரியவரோடு உள்நாட்டில் பயணிக்கும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். பதினெட்டு நிறைந்தவரிடம் 2025 மே முதல் ரியல் ஐடி தரத்திலான அட்டையோ கடவுச்சீட்டோ கேட்பார்கள். குழுவில் அப்படி ஒருவர் இருப்பார், அவரே அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வருவார்.

பெற்றோரோடு ஒரு மாலை

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டுங்கள். எங்கே தங்குகிறோம், யார் வண்டி ஓட்டுகிறார்கள், என்ன செய்தால் பிள்ளை பெற்றோர் செலவில் வீட்டுக்கு அனுப்பப்படும் என்பவற்றைப் பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்லுங்கள். மது, போதைப்பொருள், இரவில் சொல்லாமல் வெளியேறுவது ஆகிய மூன்றுக்கும் மன்னிப்பு உண்டு, ஆனால் தொடர்ந்து தங்க அனுமதி இல்லை என்பதை உடன்படிக்கையாக எழுதி இரு தரப்பினரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

குழுவில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தால் அவர்களுடைய பெற்றோரிடம் மூன்று செய்திகளைத் தனியே சொல்வது நல்லது. முதலாவது, மணிக்கொருமுறை அழைக்க முடியாது. நாளுக்கு ஒரு படமும் ஒரு வரியும் பெற்றோர் குழுவில் வரும். அவசரம் என்றால் நாமே அழைப்போம். இரண்டாவது, மருந்து கடையில் வாங்கிய மூலப் பெட்டியிலேயே, பிள்ளையின் பெயரோடும் அளவோடும் வர வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ அட்டையிலிருந்து நான்கு மாத்திரையை வெட்டித் தாளில் மடித்துக் கொடுத்தால், அதைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. இங்கே அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர் என்பதும் அவசரப் பிரிவுச் செவிலியருக்கு அந்த அட்டையைப் பார்த்து விளங்காது. மூன்றாவது, இத்திருச்சபையின் கொள்கைகளை நான் மேலே சொன்னேன். மேடையிலோ சிறு குழுவிலோ தங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு மாறான பேச்சைப் பிள்ளை கேட்கக்கூடும். அதைத் திரும்பி வந்தபின் பிள்ளையின் வாயிலிருந்து அறிந்து அதிர்வதைவிட, முன்பே அறிந்து, அனுப்புவதா வேண்டாமா என்று பெற்றோரே முடிவெடுப்பது நேர்மையானது. அனுப்ப வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

வண்டியும் எண்ணிக்கையும்

பதினைந்து இருக்கை வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறும்போது அவ்வகை வேன் கவிழும் அபாயம் வெகுவாகக் கூடுகிறது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டு சிறிய வண்டிகள் சிக்கனமல்ல என்றாலும் அதுவே சரி. புறப்படும் காலையில் டயர் அழுத்தத்தைப் பாருங்கள். இருக்கைவார் போடாத பிள்ளை ஒன்று இருந்தாலும் வண்டி நகரக் கூடாது. மான்ட்ரீட்டுக்கு நெடுஞ்சாலை 40-இல் 64-ஆம் வெளிவழியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பிளாக் மவுண்டன் கடைத்தெருவைக் கடந்தால் சில நிமிடங்களில் கல்வாயில் வந்துவிடும்.

எண்ணிக்கையைப் பற்றி அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் முதன்முறை சென்றபோது ஒரு பெட்ரோல் நிலையத்தில் தலைகளை எண்ணிப் பன்னிரண்டு என்று சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னேன். என்னையும் சேர்த்தே எண்ணியிருந்தேன். கழிப்பறையிலிருந்து வெளியே வந்த பையன் கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்ததை இன்னும் மறக்கவில்லை. அன்று மாலையே ஆளுக்கொரு எண் கொடுத்தோம். யாராவது "எண்" என்று சொன்னால் ஒன்றிலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தாமே உரக்கச் சொல்ல வேண்டும். ஒலி நின்ற இடத்தில் ஆள் இல்லை என்று பொருள். என் குழுப் பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஏழையும் எட்டையும் சொல்ல அவர்கள் படும் பாட்டைக் கேட்டு அருகிலிருந்த சபையார் என்ன ஜெபம் இது என்று விசாரித்தார்கள். எந்த மொழியில் சொன்னாலும், நீங்கள் எண்ணாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். வண்டி ஏறும்போது, அரங்கத்திலிருந்து வெளியேறும்போது, விளக்கணைக்கும்போது என்று நாளுக்கு எட்டுப் பத்து முறையாவது இது நடக்க வேண்டும்.

வீடும் அடுக்களையும்

விடுதி அறை எடுக்கும் குழுக்களும் உண்டு. ஆனால் பல சபைகள் ஊருக்குள் ஒரு வீட்டை வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துக்கொள்கின்றன. செலவு குறைவு என்பது ஒரு காரணம். பாத்திரம் கழுவும்போதுதான் பிள்ளைகள் பேசுவார்கள் என்பது இன்னொரு காரணம், எனக்கு அதுவே முதன்மையானது. மூன்று பேர் கொண்ட அணிகளாகப் பிரித்து, சமைப்பதும் துலக்குவதும் நாள்தோறும் மாறிவரும்படி அட்டவணை ஒட்டுங்கள். உணவைச் சிக்கலாக்காதீர்கள். காலையில் முட்டையும் ரொட்டியும் பழமும், மதியம் சாண்ட்விச், இரவு பாஸ்தாவோ டாக்கோவோ போதும். ஒருநாள் எலுமிச்சைச் சாதம் செய்து பார்த்தேன். பிள்ளைகள் பாராட்டினார்கள், கடுகு வெடித்த அடுப்பைத் துடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் வீட்டுக்குள் நிலக்கடலையே நுழையக் கூடாது. எலுமிச்சைச் சாதத்துக்கும் அது பொருந்தும்.

அம்மலைகளில் கருங்கரடிகள் உண்டு, குப்பையைத் தேடி வீட்டுவாசலுக்கே வரும். மிச்ச உணவைத் திண்ணையில் வைக்காதீர்கள், குப்பைத்தொட்டியின் பூட்டைச் சரியாகப் போடுங்கள். கரடியைப் படமெடுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பதால் முதல் இரவே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கோடையானாலும் மலையில் இரவு குளிரும், பிற்பகலில் இடியோடு மழை வரும். மழைச்சட்டை, ஒரு ஸ்வெட்டர், நடக்கத்தக்க காலணி ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். இடி கேட்டால் ஏரியிலிருந்தும் மலைப்பாதையிலிருந்தும் உடனே உள்ளே வர வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழியும்வரை வெளியே போகக் கூடாது. பிள்ளைகள் ஏற விரும்பும் லுக்அவுட் மலைப்பாதை குறுகியது, ஆனால் செங்குத்தானது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் அப்பகுதி முழுவதையும் கடுமையாகச் சேதப்படுத்தியதால், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை ஏறுமுன் கேட்டறியுங்கள்.

பகல்

பகலின் ஓட்டம் ஒருநாளில் பிடிபட்டுவிடும். காலையில் அரங்கத்தில் எனர்ஜைசர் என்று அழைக்கப்படும் அசைவுப் பாடல்கள். மேடையிலிருப்பவர்கள் செய்துகாட்ட, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று ஆடும். பிறகு ஒரு பேச்சாளரின் உரை, சிறு குழு, மதியம் ஓய்வும் விளையாட்டும், மாலையில் ஆராதனை. ஆடத் தெரியாது என்று நீங்கள் பின்வரிசையில் கைகட்டி நிற்க வேண்டாம். தவறாக ஆடும் பெரியவரைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை.

சிறு குழு நடக்கும் நேரம் உங்களுக்கு ஓய்வு. அப்போது தூங்குங்கள். அந்த நேரத்தில் துணி துவைத்து, கடைக்குப் போய், பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிட்டு இரவில் வட்டத்தில் உட்கார்ந்து தூங்கிவிழும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயர் சொல்லி அழைப்பதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். அமெரிக்கப் பிள்ளைகள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அது மரியாதைக்குறைவு அல்ல. நம் பிள்ளைகள் அங்கிள், ஆன்ட்டி என்பார்கள். மூன்றாம் நாளுக்குள் குழு முழுவதும் உங்களை அங்கிள் என்று அழைக்கத் தொடங்கினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரவு

மாலை ஆராதனைக்குப் பின் ஒவ்வொரு சபைப் பிள்ளைகளும் தங்கள் பெரியவர்களோடு தனியே கூடும் நேரம் ஒன்று உண்டு. பேக் ஹோம் குரூப் என்று அதற்குப் பெயர். வீட்டுக்கூடத்தில், தரையில், போர்வையோடு, வட்டமாக. நாள் முழுவதும் நடந்தது அரங்கத்தில் மற்றவர்கள் செய்தது. இந்த முக்கால் மணி நேரம்தான் உங்களுடையது. இதற்காகத்தான் உங்களை அழைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றே: பேசிவிடுவது. "இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்கிறோம்; அது ஓய்வுநாள் பள்ளிக் கேள்வி, அதற்கு ஓய்வுநாள் பள்ளி விடையே வரும். பிறகு அந்த விடையைத் திருத்தி, ஒரு வசனம் சொல்லி, ஒரு அனுபவம் சொல்லி, நீண்ட ஜெபத்தோடு முடித்துவிடுகிறோம். நானும் முதல் ஆண்டு அதைத்தான் செய்தேன். இரண்டாம் இரவே பாதிப் பேர் களைப்பாக இருக்கிறது என்று படுக்கப் போனார்கள். அடுத்த ஆண்டு என்னோடு வந்த மூப்பர் அம்மா ஒருவர் கேட்ட கேள்வி இது: "இன்று எந்த நேரம் உங்களுக்கு மிகவும் சலிப்பாக இருந்தது?" பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு உண்மையைச் சொன்னார்கள். பிரசங்கத்தின் எந்தப் பகுதி தங்களுக்குப் புரியவில்லை, எந்தப் பாட்டில் தங்களால் வாய்திறக்க முடியவில்லை, சிறு குழுவில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்று அந்த ஒரு கேள்வியிலிருந்தே அன்றைய இரவு போயிற்று.

கேள்வியைக் கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் அறுபதுவரை எண்ணுங்கள். நாற்பதில் உங்களுக்குத் தாங்காது. நாற்பத்தைந்தில் யாராவது வாய்திறப்பார்கள். பேச விரும்பாதவர் "அடுத்தவர்" என்று சொல்லிக் கடந்துபோக உரிமை உண்டு என்பதை முதல் இரவே சொல்லுங்கள். வட்டத்தில் சொன்னது வட்டத்தோடு இருக்கும் என்றும் சொல்லுங்கள், ஆனால் அதோடு விலக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் நான் அதை என்னோடு வைத்துக்கொள்ளமாட்டேன்.

ஒரு பிள்ளை தனக்கு விசுவாசம் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்று சொல்லக்கூடும். போதகரின் பிள்ளையாகவும் இருக்கலாம். அதை அன்றிரவே சரிசெய்ய முயலாதீர்கள். சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு, எப்போதிலிருந்து அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். திரும்பி வந்தபின் சபை முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டே அதைப் பெற்றோரிடம் சொல்லும் பெரியவரிடம் எந்தப் பிள்ளையும் மறுபடி வாய்திறக்காது.

ஜெபத்தைப் பிள்ளைகளில் ஒருவர் செய்யட்டும். இரண்டு வரி போதும்.

கடைசி இரவு தனி வகை. நிறைவு ஆராதனையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஒருவர் அழத் தொடங்கினால் வரிசையே அழும். அதில் உண்மையும் இருக்கிறது, ஒரு வாரத் தூக்கக்குறைவும் இருக்கிறது. மறுரூப மலையில் பேதுரு மூன்று கூடாரங்கள் போடலாம் என்று சொன்னதுபோல, அன்றிரவு பிள்ளைகள் பெரிய தீர்மானங்களைச் சொல்வார்கள்: ஊழியத்துக்குப் போகிறேன், பள்ளியை மாற்றப்போகிறேன், அப்பாவோடு பேசமாட்டேன். எல்லாவற்றையும் கேளுங்கள். எதற்கும் ஆமென் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து அதைப் பற்றி மறுபடி பேசலாமா என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதியை உங்கள் நாட்குறிப்பில் எழுதுங்கள்.

கடினமான செய்தி வந்தால்

தன்னை யாரோ துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விவரங்களைத் தோண்டிக் கேட்காதீர்கள். சொன்ன சொற்களை அப்படியே அன்றே எழுதிவையுங்கள். வட கரோலினாவில், பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகிக்கக் காரணம் உள்ள எவரும் மாவட்டச் சமூகநலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆசிரியரோ மருத்துவரோ மட்டுமல்ல, எவரும். ட்ரையெனியம் நடந்த இந்தியானாவிலும் கென்டக்கியிலும் சட்டம் அப்படியே. மாநாட்டு அலுவலர்களிடமும் உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள், ஆனால் அவர்களிடம் சொல்லிவிட்டதால் உங்கள் கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது. "குடும்ப விஷயம், நாமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று நம் வழக்கப்படி யாராவது சொன்னால் அதற்குச் செவிகொடுக்காதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிப் பிள்ளை பேசினால் அப்பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் எந்த நேரமும் கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 911. பெற்றோரை அன்றிரவே அழைக்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இவற்றைவிடச் சிறிய தொல்லைகள்தான் பெரும்பாலும் வரும்: வீட்டு ஏக்கம், கணுக்கால் சுளுக்கு, இருவருக்குள் சண்டை, பிடித்தவரை விட்டுப் பிரிய மறுக்கும் காதல். முதல் மூன்றுக்கும் சாப்பாடும் தூக்கமும் ஐஸ்கட்டியும் பெருமளவு போதும். நான்காவதற்கு, எல்லோரும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற விதியைக் கேலி செய்யாமல் கடைப்பிடிப்பது போதும்.

திரும்பி வந்தபின்

வண்டி சபை வளாகத்தில் நின்றதும் கடைசியாக ஒருமுறை எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். மருந்துப் பெட்டிகளைப் பிள்ளையின் கையில் அல்ல, பெற்றோரின் கையில் கொடுங்கள். எடுத்த படங்களைப் பெற்றோர் ஒப்புதலின்றி எந்தச் சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். மருத்துவப் படிவங்களைச் சபை அலுவலகத்தில் ஒப்படைத்து, அதன் விதிப்படி வைத்திருக்கவோ கிழித்தழிக்கவோ சொல்லுங்கள். அவை உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கக் கூடாது. யாருக்கு எந்த மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்ற குறிப்பேட்டையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.

மூப்பர் குழுவாகிய செஷன் இந்தப் பயணத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கும். எனவே அதன் அடுத்த கூட்டத்தில் அறிக்கை கேட்பார்கள். செலவுக்கணக்கை நீங்கள் கொடுங்கள், மற்றதைப் பிள்ளைகள் இருவர் வந்து சொல்லட்டும். கடைசி இரவில் குறித்துவைத்த தேதியன்று அந்தப் பிள்ளையை அழைத்துப் பேசுங்கள். பிறகு வாடகை வீட்டின் பெயரையும், அடுப்பில் எந்தப் பர்னர் எரியவில்லை என்பதையும், எத்தனை கட்டில்கள் உண்மையில் இருந்தன என்பதையும் எழுதி வாலிபர் ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் அடுத்த ஆண்டுக்கான பதிவைப் பற்றி அவர் மறுபடி காப்பிக் கோப்பையோடு வருவார்.